தட்டை வீசுகிறவன் சாக மாட்டான்

புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து சேர்ந்த அன்றே அந்த மனிதர் அங்கே வேலை பார்க்கும் கேள்வியக்காவின் புருவத்தைக் கிழித்துவிட்டார். கஞ்சியோடு இருந்த எவர்சில்வர் தட்டு. குறி பார்த்து வீசினாரா, கைக்கு வந்தபடி வீசினாரா, யார் கண்டது? விளிம்பு சரியாகப் புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கேள்வியக்கா என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்.

"இவரு ஆளு கெட்டிடி. ஒடம்பச் சொல்லல, அது போற ஒடம்புதான். மனசச் சொல்றேன். தட்ட வீசுறவன் சாக மாட்டான்" என்றாள், புறங்கையால் ரத்தத்தை வழித்துக்கொண்டே.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் அவ்வளவு நம்பினாள். நம்பியதன் பலன் என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

மூட்டை தூக்குகிற அப்பனுக்குப் பிறந்தவள். அப்பன் குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில், குடிக்கக் கிடைக்கவில்லையே என்று அடிப்பான். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவன் கட்டைவிரலைக் கடித்துத் தொங்கியவள் அவள். உதறினாலும் விழவில்லை, தலையைச் சுவரில் மோதினாலும் விடவில்லை. அதற்குப் பிறகு அப்பன் அவளைத் தாண்டிப் போய் மற்றவர்களை அடித்தான். கல்யாணமான புதிதில் புருஷன் ஒருநாள் கை நீட்டினான். நீட்டிய கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு, துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பியவள்தான். "மணிக்கட்டு ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்று இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வாள்.

பிறகு நர்ஸ் படிப்பு. அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம். கத்திக்குத்து, பாட்டில் குத்து, அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு ஒரே வண்டியில் வந்து இறங்குவது, எல்லாம் பார்த்தாள். ரகளை செய்த குடிகாரன் ஒருவனைக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியால் ஒரே போடு போட்டுச் சாய்த்துவிட்டு, அவன் மண்டைக்குத் தானே தையலும் போட்டாள் என்று பெயர். முழங்கால் தேய்ந்து ஓட முடியாமல் போனதும் புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா, சிறு வயது, நல்ல மனசு, இவளை ஒரு வாரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு வேலை கொடுத்தாள். கேள்வி கேட்கிற வேலை.

நோய் முற்றியவர்களில் சிலருக்குச் செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு வரும். வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கு வருகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எதனால் வருகிறது என்று தெரிந்தால்தானே வலிக்கு மருந்தைக் கூட்டுவதா, பக்கத்தில் காவலுக்கு ஆளைப் போடுவதா, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவதா என்று முடிவு செய்ய முடியும்? மற்றவர்கள் எல்லாம் "தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, "சாகணும்னு தோணுதா?" என்று கேட்க ஒருத்தி வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காமல் விட்டால்தான் உள்ளே புழுங்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். "சாவு வந்தா வரட்டும்" என்பது ஒன்று, "சீக்கிரம் வராதா" என்பது ஒன்று, "நானே பாத்துக்கறேன்" என்பது வேறொன்று. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மூன்றையும் ஒரே குரலில் சொல்வார்கள், அதுதான் தொல்லை.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுப்பாள். வீட்டுக்காரர்கள் ஒருவர் விடாமல் வெளியே போக வேண்டும். நாற்காலியை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் போட்டு உட்கார்வாள். "அடிக்கணும்னு தோணினா எட்டணும்ல" என்பாள். பிரிவு முழுக்க அவளுக்குக் கேள்வியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அப்புறம் ஒரு கேஷியர் வந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். ஊசி போடுகிறவளுக்கு நன்றி சொல்வார், தரை துடைக்கிறவளுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வார். "எனக்கென்னம்மா குறை? நீங்க சாப்பிட்டீங்களா?" என்று இவளையே விசாரிப்பார். கேள்வியக்கா டாக்டரம்மாவிடம் போய், "இவருக்கு ஒண்ணுமில்ல, நிம்மதியா இருக்காரு" என்று சொன்னாள். அன்று மதியமே அவர் படுக்கையை நறுவிசாக மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். கீழே சிமெண்டுத் தரையில் கிடந்தவரைத் தூக்கி வந்தவர்களில் அவளும் ஒருத்தி. மண்டையைத் தாங்கிப் பிடித்த கையை எத்தனை முறை கழுவியும் அவளுக்குத் திருப்தி வரவில்லை.

அன்றிலிருந்து அமைதியானவர்களை அவள் நம்புவதில்லை. நன்றி சொல்கிறவர் பக்கத்தில் ஆளைப் போட்டுவிடுவாள். திட்டுகிறவர், துப்புகிறவர், தட்டை வீசுகிறவர் என்றால் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போவாள். "உயிர் மேல ஆசை இருக்கிறவனுக்குத்தான் கோவம் வரும்" என்பது அவள் கட்சி. "அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாதுக்கா" என்று டாக்டரம்மா பலமுறை சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா இவள்? இனி ஒருத்தரையும் அப்படிக் கையில் ஏந்தக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதற்குக் கண்டுபிடித்த வழி பலித்தும் வந்தது, தட்டு வந்து புருவத்தில் படும்வரை.

தட்டு வீசியவர் பழைய கட்டடங்களை இடிக்கிற வேலை பார்த்தவர். இடிகாரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சம்மட்டியும் கடப்பாரையுமாகத் தொடங்கி, பிறகு இயந்திரம் வாங்கி, மகனையே ஓட்ட வைத்து, ஊரில் பாதியைத் தரைமட்டமாக்கியவர். தூசியை ஆயுசெல்லாம் விழுங்கிய நுரையீரலில் புற்று. முதுகெலும்புக்குப் போய் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் செய்துவிட்டது. கால் இரண்டும் கட்டை. ஆனால் கை இருக்கிறதே, அடேயப்பா! செங்கல்லைக் கையாலேயே பிளந்த கை.

மறுநாள் திரையை இழுத்துவிட்டு, கட்டுப் போட்ட புருவத்தோடு அவள் உட்கார்ந்தாள்.

"வலி எப்படிண்ணே இருக்கு?"

"எனக்கேது வலி? வலிங்கறது பொட்டப் பசங்களுக்கு."

"முதுகுல?"

"இல்லன்னு சொல்றேன்ல. காது செவிடா?"

"சாகணும்னு நெனப்பு வருதா?"

"வருது" என்றார் இடிகாரர். "ஒன்னச் சாகடிக்கணும்னு வருது. கிட்ட வா, மூஞ்சியப் பேத்துடறேன்."

கேள்வியக்காவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. டாக்டரம்மாவிடம் போய், "அவருக்கு அந்த நெனப்பே கிடையாது. அவரு இருந்து நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சிட்டுத்தான் போவாரு" என்றாள்.

அதே வாரம் இடிகாரர், கழிவுச் சட்டியை எடுக்க வந்த ஆளின் தாடையில் குத்தினார். எருமைக்கடா மாதிரி இருப்பான் அந்த ஆள். அவன் பொறுக்க மாட்டாமல் இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிவிட்டான். "அடிடா! ஆம்பளையா இருந்தா அடிடா பாப்போம்! கைய ஓங்கிட்டு ஏன்டா நடுங்கற?" என்று இவர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு கத்தினார். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். அடுத்து, எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்த லாரி டிரைவர். அவனுடைய அக்காவைப் பற்றி இடிகாரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. டிரைவர் தண்ணீர்க் குடுவையால் அவர் மண்டையில் அடித்தான். ரத்தம் மூக்கில் வழிய, "இவ்வளவுதானா ஒன் பலம்? இன்னொண்ணு போடுடா" என்றார். கேள்வியக்கா அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் கட்டுப் போட்டாள். நீட்டிய கழுத்தை அவளும் பார்த்தாள்; வீம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி ஒல்லியான பெண்மணி. இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணலாக இருக்கும். எப்படிக் கோணியது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. தினமும் காலையில் வருவாள். வெந்நீரில் துணியை நனைத்து அவர் உடம்பைத் துடைப்பாள், புண்ணுக்கு மருந்து வைப்பாள், கீழே ஆனதைக் கழுவுவாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது, வாயில் ஒரு பேச்சு இருக்காது. அவர் திட்டிக்கொண்டே இருப்பார், இவள் துணியைப் பிழிந்துகொண்டே இருப்பாள். "தட்ட மட்டும் பிளாஸ்டிக்கா மாத்திட்டேம்மா. அடுத்தவங்களுக்குப் பட்டா பாவம்ல" என்றாள் கேள்வியக்காவிடம், ஏதோ குழந்தைக்குப் பொம்மை வாங்கின மாதிரி.

மகன் வாசலோடு நின்றுவிடுவான். முப்பது வயதிருக்கும். அப்பாவின் தோள், அப்பாவின் கை, அப்பாவின் கோபமும்தான். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் கையைத் திணித்துக்கொண்டு நிற்பான்.

அவனைப் பிடித்து உள்ளே தள்ளியது யார்? நம்ம கேள்வியக்காதான். "தம்பி, அவரு கத்துறது நல்லதுக்குன்னு வச்சுக்க. உயிர் ஓட்டம் அது. தெனம் காலைல அம்மா கழுவி முடிச்சதும் நீ வந்து பக்கத்துல ஒக்காரு. என்ன சொன்னாலும் வாங்கிக்க. அப்பன் புள்ள ரெண்டு பேரும் தனியா இருந்தாத்தான் மனசு விட்டு வரும்" என்றாள். "எனக்கு பயமா இருக்குக்கா" என்றான் மகன். "இந்த நெலமையில அவரு ஒன்ன என்ன செஞ்சிடுவாரு?" என்று கேட்டுச் சிரித்தாள். அவன் பயந்தது அப்பாவை நினைத்து இல்லை. அது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

மகன் வந்து உட்கார ஆரம்பித்ததும் இடிகாரர் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டார். கழிவுச் சட்டிக்காரனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, டிரைவரிடம் வம்பில்லை. காலையில் திரைக்குள்ளே தாழ்ந்த குரலில் மகனிடம் பேசிக்கொண்டே இருப்பார். பிரிவே அமைதியாகிவிட்டது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று கேள்வியக்கா டாக்டரம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

திரைக்குள் என்ன நடந்தது என்று பிறகு மகனே சொன்னான். முதலில் அவனுடைய வேலையைப் பழித்தார். பிறகு அவனுடைய ஆண்மையை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா வாங்கிக்கச் சொன்னாளே! கடைசியில் ஒருநாள் அவர், "நான் ஒங்கம்மா கைய முறிச்சேனே, அன்னைக்கு நீ எங்கடா இருந்த?" என்று கேட்டார்.

பதிலையும் அவரே சொன்னார்.

"கட்டிலுக்கு அடியில. அவ ஒம்பேரச் சொல்லித்தான் கத்துனா. எட்டிப் பாத்த, உள்ள போயிட்ட. நீதான் ஆம்பளப் புள்ள! நான் கைய மட்டும்தான்டா ஒடச்சேன். நீ வந்து நின்னிருந்தா அதுவும் ஒடஞ்சிருக்காது. இப்பக்கூட ஒன்னால முடியாது. நான் கால் செத்துப் படுத்திருக்கேன். இப்பக்கூட முடியாதுடா ஒனக்கு."

கட்டில் கம்பி கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டுத்தான் கேள்வியக்கா திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். மகன் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் அப்பாவின் கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அழுத்தினான். இடிகாரரின் முகம் கருநீலமாக வீங்கி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆயுசைக் கழித்தவளுக்கு அதெல்லாம் புதிதில்லை. அவளை அடித்துப் போட்டது வேறொன்று. அந்தக் கைகள். தட்டை வீசிய கை, தாடையைப் பெயர்த்த கை, செங்கல்லைப் பிளந்த கை இரண்டும் படுக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக மல்லாந்து கிடந்தன. விரல்கூட மடங்கவில்லை. கழுத்தை நெரிக்கும்போது எலிகூட பிறாண்டும். இந்த மனிதர் பிறாண்டவில்லை.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

"தம்பி, விடுடா!" என்று இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. முடியைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பாமலே முழங்கையால் பின்னால் ஒரு இடி இடித்தான். அவள் முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. வாயில் ரத்தத்தோடு அவன் காதைக் கவ்விக் கடித்தாள். சின்ன வயதில் அப்பன் விரலைக் கடித்தாளே, அதே கடி. அவன் அலறிக்கொண்டு கையை விட்டான். பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் தோளில் போட்டாள். அவன் சுவரோடு சாய்ந்து, தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு, "அக்கா, நான் அவரு மாதிரியே ஆயிட்டேன்க்கா, அவரு மாதிரியே" என்று குழறினான். பிறகு தடதடவென்று ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டரம்மா வந்து ஆக்ஸிஜன் வைத்தாள். மூச்சு திரும்பியது. கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தது. "போலீசுக்குச் சொல்லியே ஆகணும்கா. நோயாளி ஒடம்புல இப்படி ஒரு தடத்தப் பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியாது. அந்தத் தம்பி வாழ்க்கையே போச்சு" என்றாள் டாக்டரம்மா, கையைப் பிசைந்துகொண்டு.

"சொல்லுங்க. அவங்க வர்றதுக்குள்ள எனக்கு இவருகிட்ட ஒரு வேலை இருக்கு."

திரையை மறுபடி இழுத்தாள். கிழிந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து, பஞ்சால் வாயை ஒற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"விட்டிருக்கலாமேடி, பாவி" என்றார், கரகரத்த குரலில். "இன்னும் கொஞ்ச நேரம். உன்ன யாரு வரச் சொன்னது?"

"இதுக்குத்தானா எல்லாரையும் சீண்டினீங்க?"

"வேற எப்படி? எழுந்து போக முடியுதா எனக்கு? அந்தக் கடா மாட்டுப் பய தூக்குனான், போடல. டிரைவர் பய ஒரு அடியோட நிறுத்திட்டான். பெத்த புள்ளதான் மிச்சம். அவனுக்கும் எம்மேல பாக்கி இருக்கு. தீத்துக்கட்டும்னு விட்டேன்."

கேள்வியக்காவுக்கு வந்ததே கோபம்! பயிற்சியில் சொன்ன மெல்லிய குரலெல்லாம் பறந்துவிட்டது. "அடப் பாவி மனுஷா! அவன ஜெயிலுக்கு அனுப்பிட்டுப் போறதா நீ குடுக்கிற சொத்து? ஒன்ன மாதிரி ஆகிடக் கூடாதுன்னு கைய பையில திணிச்சுக்கிட்டு நின்ன புள்ள அவன். அவன் கையப் புடிச்சு ஒன் கழுத்துல வச்சியே, இப்ப அவன் அந்தக் கைய எங்க கொண்டுபோய் வைப்பான்?"

"வியாதிக்காரன் செத்தா வியாதியில செத்தான்னு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர். அப்படித்தான் நினைத்திருக்கிறார் மனிதர். கட்டடத்தை இடித்தால் லாரியில் அள்ளிக்கொண்டு போவார்களே, அதுபோல.

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். பிறகு முதல் தடவை கேட்டதையே கேட்டாள். ஆனால் இந்த முறை பதில் என்ன என்று முன்கூட்டி முடிவு கட்டிக்கொள்ளாமல் கேட்டாள். "ஏன் சாகணும்? வலியா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். "முதுகுக்குள்ள யாரோ துளை போடற மிஷினப் போட்டு ஓட்டுறாங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க." வந்த நாளிலிருந்து அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருக்கிறார்.

"அதுக்கு மருந்து இருக்கு. இன்னைக்கே குறைக்கலாம். வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"இருக்கு. சொல்லுங்க."

"அவ கழுவறா" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெனமும் வந்து கழுவறா. அந்தக் கோணக் கையால. ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறா. பூ மாதிரித் தொடறா. நான் அடிச்ச அடிக்கு அவ என் மூஞ்சில காறித் துப்பணும். மன்னிச்சுட்டா போல. அந்தக் கை மேல படும்போது முதுகு வலியே தேவலை போல இருக்கு. அதத்தான் என்னால தாங்க முடியல."

போலீஸ்காரர் வந்துவிட்டார். தொப்பையும் தூக்கக் கலக்கமுமாக ஒரு மூத்த ஆள். மகனைப் படிக்கட்டிலிருந்து கூட்டி வந்து கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினார். மனைவி சேதி கேட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க, திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருய்யா கழுத்தப் புடிச்சது?" என்றார் போலீஸ்காரர்.

வலி இல்லை, பயம் இல்லை, சாவு நினைப்பு இல்லை என்று எல்லோரிடமும் மார்தட்டிய மனிதர், பெண்டாட்டி பிள்ளை எதிரில், பக்கத்துக் கட்டில்காரர்கள் காது கொடுத்துக் கேட்க, சொன்னார்: "நான்தான். நானே நெரிச்சுக்கிட்டேன். வலி பொறுக்கல. வாழப் புடிக்கல. செத்துடணும்னு இருந்துச்சு. எம்புள்ள வந்து கைய எடுத்துவிட்டான்."

போலீஸ்காரர் குனிந்து கழுத்தைப் பார்த்தார். தன் கழுத்தில் தானே பிடித்தால் கட்டைவிரல் எந்தப் பக்கம் பதியும் என்று தெரியாதவர் இல்லை. மகனின் காதைப் பார்த்தார். கேள்வியக்காவின் வீங்கிய உதட்டைப் பார்த்தார். "ஒங்க பல்லு என்னம்மா ஆச்சு?"

"வழுக்கி விழுந்தேன்."

"இந்தத் தம்பி காதுல பல்லுத் தடம் இருக்கே?"

"விழும்போது பட்டிருக்கும்."

"சரி, இவருக்குச் சாகற எண்ணமே இல்லன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்களாம். இப்ப அவரு வேற சொல்றாரு. எது நெசம்?"

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "அவரு சொல்றதுதான். வந்த நாள்லேருந்து அவருக்குச் சாகணும்னுதான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல. நான் கேட்டதும் தப்பு, புரிஞ்சுக்கிட்டதும் தப்பு. அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல, அவன அங்க ஒக்கார வச்சது நான்" என்றாள். இந்தப் பதிலில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. போலீஸ்காரர் இன்னும் கொஞ்ச நேரம் கழுத்தையே பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக் கிளம்பிப் போனார். மகன் அப்பாவைப் பார்க்கவில்லை. ஆனால் வாசலுக்கும் போகவில்லை. கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

அன்றே வலிக்கு மருந்து ஏற்றினார்கள். இடிகாரர் வந்ததிலிருந்து முதல்முறையாகத் தூங்கினார். கேள்வியக்கா அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, மனைவியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். பக்குவமாகத்தான் சொல்லப் பார்த்தாள். நீங்கள் மன்னித்துவிட்டது அவருக்குப் பாரமாக இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு மன்னிச்சது?"

"இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாம கழுவறீங்களே..."

"கழுவலைன்னா நாறும்மா. நாத்தத்துல நானும்தானே ஒக்காரணும்?" குரல் ஏறவே இல்லை. "கழுவறது வேற, மன்னிக்கறது வேற. முப்பது வருஷம் வாங்கியிருக்கேன். வயித்துல ஒண்ணு கலைஞ்சது அந்த ஆளு ஒதச்ச ஒதையில. அதெல்லாம் எங்கம்மா போகும்? மன்னிச்சுட்டேன்னு அந்த ஆளா நெனச்சுக்கிட்டாரா? பெரிய மனுஷர்தான்."

மறுநாள் காலை வழக்கம் போல வெந்நீரோடு வந்தாள். இடிகாரர் விழித்திருந்தார். மகன் ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்தான். கேள்வியக்கா போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் திரையருகில் நின்றாள். மனைவி துணியை நனைத்தாள், பிழிந்தாள், பிறகு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நல்லா கேட்டுக்கங்க. நான் ஒங்கள மன்னிக்கல. இன்னைக்கும் இல்ல, நீங்க போன பிறகும் இல்ல. இனிமே அடி வேணும்னா எங்கிட்ட கேளுங்க, எம்புள்ளகிட்ட கேக்கக் கூடாது." ஓங்கி ஒரு அறை விட்டாள். கோணக் கையாலேயே விட்டாள். பளீரென்று பிரிவு முழுக்கக் கேட்டது. மகன் துள்ளி எழுந்தான். கேள்வியக்கா ஓர் அடி முன்னால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இடிகாரரின் கன்னம் சிவந்துபோனது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் மெல்லத் தளர்ந்து, அதில் ஏதோ ஒரு நிம்மதி வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தது.

"திரும்புங்க. முதுகத் தொடைக்கணும்" என்றாள் அவள்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்து, கையாலேயே உடம்பை இழுத்துத் திரும்பிப் படுத்தார். மகன் வந்து, உணர்ச்சியற்ற அந்தக் கால்கள் இரண்டையும் தூக்கித் திருப்பி வைத்தான்.